பிறந்தநாள் கேக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டும்: அழைக்காமல் வந்த பிள்ளைக்கு என்ன முறை?

பாளைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை மாலை பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் மகளின் ஆறாவது பிறந்தநாளைக் கொண்டாடினோம். அன்று என் கையால் நடந்த ஒரு செயல் இன்னும் மனத்தை அறுத்துக்கொண்டிருப்பதால், பிள்ளைகளை வளர்த்த அனுபவம் உள்ளவர்களிடம் முறை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இதை எழுதுகிறேன்.

வகுப்புத் தோழர்கள் 14 பேர், சொந்தக்காரப் பிள்ளைகள் 4 பேர் என்று கணக்கிட்டு, 2 கிலோ கேக்குக்குச் சொல்லி, 18 பைகளைக் கட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு பையிலும் ஒரு கலர் பென்சில் பெட்டி, ஒரு சிறிய நோட்டு, இரண்டு சாக்லேட், அமுக்கினால் விளக்கு எரியும் ஒரு சாவிக்கொத்து ஆகியவை இருந்தன. எங்கள் வீட்டுக்குப் பின்புறம், பல குடும்பங்கள் வரிசை வீடுகளில் சேர்ந்து குடியிருக்கும் ஒரு பழைய வளவு இருக்கிறது. அந்த வளவுப் பிள்ளைகள் ஆறு பேர் தினமும் மாலையில் எங்கள் வாசலில்தான் என் மகளோடு விளையாடுவார்கள். அவர்களை நான் அழைக்கவில்லை. அழைக்கக் கூடாது என்று நினைத்ததும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது அவர்கள் என் நினைவுக்கு வரவே இல்லை என்பதுதான் உண்மை. வாசலில் பலூன் கட்டியதைப் பார்த்த அவர்கள், தலைசீவிப் பொட்டு வைத்து, பொங்கலுக்கு எடுத்த உடுப்பை உடுத்திக்கொண்டு, சரியாக ஆறு மணிக்கு வந்து நின்றார்கள். வகுப்புத் தோழர்களில் இருவர் தம்பி தங்கையையும் உடன் அழைத்து வந்திருந்தார்கள். ஆகமொத்தம் 26 பிள்ளைகள்.

கேக்கை எப்படியோ சமாளித்தோம் என்றாலும் அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. மகள் மெழுகுவத்தியை மூன்று முறை ஊதி அணைத்தாள். பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து ஊட்டினார்கள். தாய்மாமன் கன்னத்தில் கிரீமைப் பூசினார். இவ்வளவும் முடிந்து நான் துண்டு போடத் தொடங்கியபோது, கிரீம் ரோஜாப்பூ யாருக்கு என்று பிள்ளைகளிடையே சண்டை வந்துவிட்டது. அவசரத்தில் சிலருக்குப் பெரிய துண்டும் சிலருக்குத் துணுக்கும் போயின. சைவக் குடும்பத்துக் குழந்தை ஒன்று பாதி சாப்பிட்ட பிறகுதான், அதன் தாயார் இதில் முட்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை.

கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்று பைகளைக் கொடுத்தேன். முன்னால் நின்றவர்களுக்குக் கொடுத்து முடித்தபோது பைகள் தீர்ந்துவிட்டன. பெரிய பிள்ளைகள் புரிந்துகொண்டு நகர்ந்துவிட்டார்கள். கடைசியாக வளவில் இருக்கும் ஐந்து வயதுப் பையன் ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டியபடியே நின்றான். "தீந்து போச்சா அத்தை? நாளைக்கு வரட்டா?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் ஓடாமல், 20 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தேன். மறுநாள் காலையில் அவனுடைய அக்கா அதே நோட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்து, "அம்மை குடுத்துட்டு வரச் சொன்னா" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அழைத்தவர்களுக்கு மட்டும் பை என்பது முறையா, வந்த எல்லோருக்குமா? தம்பி தங்கையருக்கும் தனிப் பை உண்டா? கேக்கை எப்படிப் பங்கிட்டால் மனத்தாங்கல் வராது? இவற்றை எல்லாம் சொல்லுங்கள். அந்த வளவு வீட்டுக்கு நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

அம்பை ஆச்சி

மகளே, கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அந்தத் தாய் நோட்டைத் திருப்பி அனுப்பியதை உங்கள் மேல் உள்ள கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை விருந்துக்குப் போன இடத்தில் காசு வாங்கிக்கொண்டு வந்தால் எந்தத் தாய்க்கும் அது கூச்சமாகத்தான் இருக்கும். மற்றப் பிள்ளைகள் வாங்கியது அன்பளிப்பு, தன் பிள்ளை வாங்கியது இரப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஆகவே நீங்கள் பையைக் கட்டி வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு நீங்களே அந்த வளவுக்குப் போய், அந்த ஆறு பிள்ளைகளுக்கும் அவள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். "அன்றைக்குக் கணக்குப் பிசகிவிட்டது மதினி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதை நாள் கடத்தாமல் செய்வது நல்லது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். பிள்ளைகள் பொருளின் விலையைப் பார்ப்பதில்லை; அடுத்தவன் கையில் இருப்பது தன் கையிலும் இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். பிறந்தநாள் அன்று வகுப்பில் மிட்டாய் கொடுக்க வரும் பிள்ளை தன் நெருங்கிய தோழிக்கு மட்டும் இரண்டு கொடுத்துவிட்டால், அன்று முழுவதும் அந்த வகுப்பில் பாடம் நடக்காது. அதனால் என்னுடைய எண்ணம் இதுதான்: எல்லாப் பைகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்றும், சொந்தத்துக்குப் பெரிது அயலுக்குச் சிறிது என்றும் பிரிக்கக் கூடாது. பையின் மேல் பெயர் எழுதவும் கூடாது. பெயர் எழுதிய பை 18 இருக்கிற இடத்தில், பெயர் இல்லாத பிள்ளை தான் வேண்டாதவன் என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்கிறான். அழைத்த பத்துப் பேருக்கு மூன்று பை கூடுதலாகக் கட்டி வையுங்கள். உங்களைப்போல் பின்னால் வளவு இருக்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, அதற்கு மேலும் மூன்று கட்டுங்கள்.

நான் பிறந்த வீடும் வளவு வீடுதான். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் தலையை எண்ணிப் பலகாரம் பங்கிடுவதில்லை, வாசலை எண்ணித்தான் பங்கிடுவார்கள். பனையோலைக் கொட்டானில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் வைத்து ஒவ்வொரு வாசலுக்கும் போகும். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை அந்த வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். பாத்திரத்தில் கொடுத்து அனுப்பினால், அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது; ஒரு பிடி அரிசியாவது, கொஞ்சம் சீனியாவது அதில் இருக்கும். இன்று ரிட்டர்ன் கிஃப்ட் என்பதைப் புது நாகரிகம் என்கிறார்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது நமக்குப் பழக்கமானதுதான். வீட்டுக்குப் போன பங்கு இப்போது பிள்ளையின் கைக்கே போவதால்தான் கணக்கில் இத்தனை சிக்கல் வருகிறது.

பையில் என்ன வைப்பது என்று திகைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்பாசமுத்திரத்தில் கடைசல் வேலைக்காரர்கள் மரத்தில் செய்யும் சொப்புச் சாமான் இருக்கிறதே, அதில் ஒரு குடமோ ஒரு அம்மியோ வைத்தால் போதும். மூன்று நாளில் உடைகிற பொம்மையைவிட அது நெடுநாள் கிடக்கும்.

பெருமாள்புரம் அடுமனை

வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். கேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா. உங்கள் வீட்டில் நடந்ததைத்தான் என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மறுநாள் சொல்லி வருத்தப்படுகிறார்கள்.

விருந்துக்கு ஒரே கேக் வாங்காதீர்கள். ஊதுவதற்கும் வெட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் அரைக் கிலோவில் அலங்காரத்தோடு ஒரு சிறிய வட்டக் கேக் வாங்குங்கள். பங்கிடுவதற்குத் தனியாக ஒரு சதுரக் கேக் இருக்கட்டும். அதை ஊதுமிடத்துக்கே கொண்டுவராமல் சமையலறையில் வைத்து முன்கூட்டியே துண்டு போட்டுவிடுங்கள். 10 அங்குலச் சதுரத்தில் 2 கிலோ செய்தால், ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் ஆறுமாக 30 துண்டுகள் வரும். துண்டுக்கு ஏறக்குறைய 65 கிராம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதும், வீணாகாது. வட்டக் கேக்கை முக்கோணமாக வெட்டினால் எத்தனை கைத்தேர்ச்சி உள்ளவருக்கும் ஒன்று தடித்து ஒன்று மெலியும். கத்தியைச் சுடுநீரில் முக்கித் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு வெட்டையும் போடுங்கள், கிரீம் இழுபடாது. ரோஜாப்பூவைப் பங்கிடும் கேக்கில் வைக்கவே வேண்டாம், அல்லது 30 துண்டுக்கும் ஒவ்வொரு சிறு பூ வைத்துத் தரும்படி சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவோம்.

ஊதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், மெழுகுவத்தியை ஊதி அணைத்த பிறகு கிரீமின் மேல் சராசரியாக 1400 சதவீதம் கூடுதலாகப் பாக்டீரியா இருந்ததாகக் கண்டார்கள். அது ஊதுகிற ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. நலமாக இருக்கிற பிள்ளை ஊதியதால் மற்றவர்களுக்கு நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் மூக்கொழுகும் பிள்ளை மூன்று முறை ஊதிய கேக்கை 26 பேருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

முட்டை விஷயத்தில் அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. நம் பக்கத்தில் சைவக் குடும்பங்கள் நிறைய உண்டு. பெரியவர் முட்டை சாப்பிடாமல் பிள்ளைக்கு மட்டும் கொடுக்கிற வீடும் உண்டு. வீட்டுக்குள்ளேயே முட்டை வராத வீடும் உண்டு. பார்த்து ஊகிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் பங்கிடும் கேக்கை முட்டை இல்லாததாகவே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியாது. பாக்கெட் பண்டம் என்றால் பச்சைக் குறியைப் பாருங்கள். முட்டை சேர்ந்தால் நம் நாட்டு விதிப்படி அசைவக் குறிதான் போட வேண்டும். தூத்துக்குடி மக்ரூனைப் பையில் வைக்கிறவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். மஞ்சள் கரு இல்லாததால் அதைச் சைவம் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து, சீனியும் முந்திரியும் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

நம் ஊர் வெயிலில் ஃபிரெஷ் கிரீம் கேக்கை வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கோடையில் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) விருந்து வைத்தால் பட்டர் கிரீமும் உருகும். மேலே அலங்காரம் இல்லாத சாதாரண கேக்கே அப்போது ஏற்றது. மிஞ்சியதை உடனே டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வராதவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதென்றால் அன்றிரவே அனுப்புங்கள். மெழுகுவத்தி எரியும்போது நுரை ஸ்பிரே அடிப்பதை எவர் வீட்டிலும் அனுமதிக்காதீர்கள். அந்த டப்பாக்களில் பெரும்பாலும் தீப்பற்றும் வாயு இருக்கிறது. பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அது பற்றிக்கொள்ளும்.

தென்காசி அப்பா

என் மகனுக்கு வயது 7. அவனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாது என்றால் வயிற்று வலியோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிறந்தநாள் வீட்டிலிருந்து வரும் வழியில், காரின் பின் இருக்கையில் அவன் பையைப் பிரித்து, வண்ணத் தாளில் சுற்றியிருந்த ஓர் உருண்டையைக் கடித்திருக்கிறான். ஐந்து நிமிடத்தில் உதடு தடித்தது; கழுத்தெல்லாம் தடிப்பு எழும்பியது; பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அவன் முகத்துக்கு நிறம் வந்தது. கொடுத்தவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பண்டம். எங்கள் பக்கத்தில் அது இல்லாத பிள்ளைகள் விருந்தே கிடையாது. எங்களைப்போன்ற வீட்டார் வாய் திறந்து சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

பை கட்டுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். தின்பண்டத்தைக் கடையில் வந்த உறையோடேயே வையுங்கள். அழகுக்காக உறையை நீக்கி வண்ணத் தாளில் சுற்றினால், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் படித்துப் பார்க்க வழி இல்லாமல் போகிறது. வீட்டில் செய்த பலகாரம் என்றால் ஒரு சிறு தாளில் "கடலை, முந்திரி, பால், முட்டை" என்று உள்ளதை எழுதிக் கட்டிவிடுங்கள். பையின் வாயை நூலால் கட்டி, வீட்டுக்குப் போய் அம்மாவின் முன்னால் பிரி என்று பிள்ளையிடம் சொல்லிக் கொடுங்கள்.

பாளையங்கோட்டைச் சகோதரிக்குக் குறிப்பாக இன்னொன்று. அந்த விளக்கெரியும் சாவிக்கொத்துக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அதன் மூடி திருகாணி போட்டு முடுக்கியது அல்ல என்றால், கீழே விழுந்ததும் திறந்துகொள்ளும். சிறு பிள்ளை அந்தப் பேட்டரியை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். நீங்கள் பை கொடுத்த வீடுகளில் கைக்குழந்தை இருந்தால் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மொத்தமாக வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள். உடன் வந்த தம்பி தங்கை மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால், அவர்கள் பையில் சிறு சாமான், முழுக் கடலை, கெட்டி மிட்டாய், பலூன் எதுவும் வேண்டாம். ஒரு படப் புத்தகம் வைத்தால் போதும். ஆச்சி சொன்ன சொப்புச் சாமானிலும் வாய்க்குள் போகிற அளவில் உள்ளதை அந்த வயதினருக்குத் தவிர்த்துவிடலாம்.

இப்போது நாங்கள் எங்கே போனாலும் மகனுக்குரிய கேக்கைச் சிறு டப்பாவில் கொண்டுபோகிறோம். அதைப் பார்த்து "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாத வீட்டுக்கு நாங்கள் என்றும் நன்றியோடு இருக்கிறோம்.

வண்ணார்பேட்டை மாடி

ஆச்சி சொன்னதில் எனக்கு ஒரு சிறிய மாறுபாடு உண்டு. எங்கள் அடுக்கு மாடிக் குடியிருப்பில் ஒரு பிறந்தநாள் என்றால் 40 பிள்ளைகள் வருவார்கள். பத்துக்கு மூன்று கூடுதல் என்றால் 52 பை. பைக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் 7800 ரூபாய். கேக் செலவு தனி. ஒரு வீட்டார் 150 ரூபாய்க்குக் கொடுத்தால் அடுத்த வீட்டார் 200 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். சம்பளம் குறைந்த வீட்டில் பிறந்தநாளே வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டியதாகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, எங்கள் தளத்துத் தாய்மார்கள் உட்கார்ந்து பேசி, பை 50 ரூபாயைத் தாண்டக் கூடாது, வருகிறவர்களும் பரிசாக ஒரு புத்தகத்துக்கு மேல் கொண்டுவர வேண்டாம் என்று முடிவு செய்தோம். அன்று முதல் யாருக்கும் சங்கடம் இல்லை. பிளாஸ்டிக் பைக்கு 2019 முதல் தடை இருப்பதால், நாங்கள் சிறிய மஞ்சள் துணிப் பையையே தைத்துக் கொடுக்கிறோம். பிள்ளைகள் மறுநாள் அதிலேயே டிபன் டப்பாவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்.

விருந்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு மட்டும் அழைப்பு வந்தால், சின்னவளையும் கூட்டி வரலாமா என்று முந்தின நாளே கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் வீட்டில் அப்பாவோடு விட்டுவிட்டுப் போவேன். கேட்காமல் கூட்டிப் போனால், அவளுக்குப் பை இல்லாதபோது முகம் வாடுகிற உரிமை எனக்கு இல்லை.

அம்பை ஆச்சி

வண்ணார்பேட்டைத் தங்கச்சி சொல்வது சரிதான். செலவைக் கூட்டச் சொல்லவில்லை நான். எண்ணிக்கையைத்தான் கூட்டச் சொன்னேன். 18 பேருக்கு 150 ரூபாய் என்பதை 26 பேருக்கு 100 ரூபாய் என்று மாற்றினால் கைக்காசு கூடாது, குறையவே செய்யும். பெரியவர்கள் கேட்டு அழைத்து வருவதும் முறைதான். ஆனால் வளவுப் பிள்ளைகளை யார் அழைத்து வந்தார்கள்? பலூனைப் பார்த்து வந்த பிள்ளையிடம் அழைப்பைக் கேட்க முடியாது. அங்கே வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

பாளைவாசி

எல்லோருக்கும் நன்றி. தென்காசி அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் முதலில் பை வாங்கிப் போன வீடுகள் அனைத்துக்கும் போன் செய்து, சாவிக்கொத்தை எடுத்துப் போட்டுவிடும்படி சொல்லிவிட்டேன். இரண்டு வீடுகளில் மூடி அதற்குள்ளேயே கழன்றிருந்தது. பேட்டரிகளைக் கண்டெடுத்து ஒதுக்கிவிட்டார்கள்.

நேற்று மாலை மகளோடு வளவுக்குப் போனேன். ஆறு பைகளிலும் பென்சில் பெட்டியும் நோட்டும் முன்போலவே வைத்து, சாவிக்கொத்துக்குப் பதிலாக ஒரு சிறு மரப் பம்பரம் வைத்திருந்தேன். தூக்குவாளியில் கொஞ்சம் பால் பாயசமும் கொண்டுபோனேன். ஆச்சி சொல்லிக் கொடுத்த வார்த்தையைச் சொன்னபோது அந்த மதினி, "பிள்ளையள் இருக்குத வீட்டுல கணக்கு தப்பத்தானே செய்யும்" என்று சொல்லி, எங்களை நடையில் பாய் விரித்து உட்காரவைத்துவிட்டார். பையன் பையை வாங்கிக்கொண்டு உடனே பிரிக்கவில்லை. அக்காவின் பையில் உள்ளதும் தன் பையில் உள்ளதும் ஒன்றா என்று வெளியிலிருந்தே தடவிப் பார்த்துவிட்டு, என் மகளையும் இழுத்துக்கொண்டு பம்பரம் சுற்ற ஓடிவிட்டான். தூக்குவாளி இன்று காலையில் முருங்கைக்காயோடு வந்து சேர்ந்தது.

பெருமாள்புரம் தங்கச்சிக்கு ஒரு கேள்வி. முட்டை இல்லாமல் 10 அங்குலச் சதுரக் கேக்கும் அரைக் கிலோ வட்டக் கேக்கும் வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? தை மாதம் என் தங்கை மகனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. அந்த வீட்டுக்குப் பின்னாலும் ஒரு வளவு இருக்கிறது.